ஆறாம் பதிப்பு

செங்கல்பட்டுப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் வெங்கடராகவன் நூலகர். தம் அலமாரியில் பழசு எதுவும் கிடக்காது என்பதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை. புதுப் பதிப்பு வந்ததோ இல்லையோ, பழையது எடைக்குப் போய்விடும்.

1996 மே மாதம் யுனிக்ஸ் அலமாரியில் கை வைத்தார். அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் வளர்ந்த அந்தக் கணினி இயங்குதளத்தின் ஒவ்வொரு வடிவத்துக்கும் அதன் கையேட்டின் பதிப்பு எண்தான் பெயர். ஏழாவது பளபளவென்று நின்றது. ஆறாவது வெறும் ஜெராக்ஸ் கட்டு. 'நீக்கப்பட்டது' என்று பச்சை மையில் எழுதி, கையெழுத்திட்டு, எடைக்குப் போட்டார்.

ஜூனில் விரிவுரையாளர் பார்த்தசாரதி பதறிக்கொண்டு வந்தார். "ஆறு எங்க சார்? அதுலதான் நிரல் முழுசா இருக்கு. ஒரு மனுஷன் உக்காந்து படிச்சு முடிக்கக்கூடிய அளவு அது ஒண்ணுதான். ஏழு வந்ததும், நிரலை வகுப்புல நடத்தக் கூடாதுன்னு உரிமத்துலயே கம்பெனிக்காரன் போட்டுட்டான். யார் எடுத்துண்டு போனா?"

நான்தான் எடைக்குப் போட்டேன் என்று சொல்ல வெங்கடராகவனுக்கு வாய் வரவில்லை. பதிவேட்டைப் புரட்டி, "கடைசியா எடுத்தது சுவேதா" என்றார். பக்கத்திலேயே அவள் திருப்பிக் கொடுத்த தேதி இருந்தது. அதை விரலால் மறைத்துக்கொண்டார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவ்வளவு கேவலமான காரியத்தை அவர் செய்ததில்லை.

சுவேதா மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவர் குப்பத்துப் பெண், கடைசி வருஷம். புத்தகம் வராமல் பாக்கி இல்லை என்கிற நோ டியூஸ் சான்று கிடையாது, அது இல்லாமல் மார்க் ஷீட் கிடையாது.

"உங்க கையிலதான சார் குட்த்தேன்?"

"நன்னா தேடிப் பாரும்மா" என்றார் பெருந்தன்மையாக. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

இன்று சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் கிளம்புவார். சாயங்காலம் சொல்லாமலே ஊரப்பாக்கம் வீட்டுக்குத் திரும்புவார். மூன்று வாரம் இப்படியே ஓடியது.

அப்புறம் ஒருநாள் சுவேதா மூன்று தடி நோட்டுகளை மேஜைமேல் வைத்தாள். நிரல் முழுவதும், ஒரு வரி விடாமல், அவள் கையெழுத்தில் இருந்தது. "ஜெராக்ஸ் எடுக்க வசதியில்ல சார். எழுதி வச்சிகினுதான் படிச்சேன். அதுக்குப் பதிலா இத்த வச்சிக்கங்க."

அவர் நோ டியூஸில் கையெழுத்துப் போட்டார்.

சுவேதா பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். நூலக முத்திரையும், பச்சை மையில் 'நீக்கப்பட்டது' என்ற எழுத்தும், அவருடைய கையெழுத்தும் அப்படியே இருந்தன. "எங்கம்மா பீச்சுல சுண்டல் விக்குது. எடைக்கு வாங்கின பேப்பர்ல வந்துச்சு."

"எப்பம்மா?"

"நீங்க தேடிப் பாருன்னு சொன்ன அன்னிக்கே."

"பார்த்தசாரதி சார்கிட்ட காட்டியிருக்கலாமே..."

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன் சார்."