செல்வி அக்கா சொல்லாமல் விட்ட விண்ணப்பம்

என் மகள் ஜாய்ஸ் சிரிப்பதையே நிறுத்திவிட்டாள், பிரியமானவர்களே. அங்கிருந்துதான் என் சாட்சியைத் தொடங்க வேண்டும்.

நான் தாம்பரம், படப்பை வழியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எட்டாவதோடு நின்றவன். ஜாய்ஸ் ஆசைப்பட்டுத் தமிழ் இலக்கியம் படித்தாள். எம்.ஏ. முடித்தும் வேலை அமையவில்லை. போன இடமெல்லாம், "வேற எதுவும் படிக்கலையாம்மா?" என்றார்கள்.

என் மைத்துனன் ஆல்பர்ட் வந்தால் கேலிதான். "இன்னா மாமா, பொண்ண கதை படிக்க வச்சிகினு கீற? கடைசில வூட்ல குந்திகினு உனக்கே கதை சொல்லப் போவுது பாரு!"

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அவள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள். பிறகு பேச்சே குறைந்துவிட்டது. "நான் படிச்சதெல்லாம் வீண்பா" என்றாள் ஒருநாள். எனக்குத் தாங்கவில்லை. ஸ்டாண்டில் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, வேலை அப்புறம் இருக்கட்டும். என் பிள்ளையின் சிரித்த முகத்தைத் திருப்பித் தாரும்."

பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நடக்கும். அவரவர் பாரத்தைச் சொல்வோம். ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து ஜெபத்தில் ஏறெடுப்பார். அது எப்போதும் ஜாய்ஸின் வேலை. அந்த வாரம் கெஞ்சித்தான் உட்கார வைத்தேன்.

பக்கத்துத் தெரு செல்வி அக்காவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அக்கா நிறுத்தாமல் பேசினார். "நெஞ்சுல இன்னாவோ வால்வுன்றாங்க. நாளான்னிக்கு ஆபரேஷன். அங்க காபி வாயில வைக்க முடியல. வூட்ல எனக்கு மட்டும் அரிசி எவ்ளோ போடறதுன்னே தெரியல..."

எங்களுக்குப் பாதி புரியவில்லை. ஜாய்ஸ் கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, அக்கா ஆபரேஷனுக்குப் பயப்படல. தனியா வீட்டுக்குத் திரும்பிடுவோமோன்னுதான் பயப்படறாங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்பி வையும்."

அக்கா உடைந்து அழுதார். "நான் அத சொல்லவே இல்லியே கண்ணு! எப்டி தெரிஞ்சுது?"

"அரிசியப் பத்தி சொன்னீங்களேக்கா."

அடுத்தது என் விண்ணப்பம், அவள் வேலைக்காக. தனக்காகக் கேட்க அவளால் முடியவில்லை. அன்று எல்லோரும் சேர்ந்து அவளுக்காக ஜெபித்தார்கள்.

செல்வி அக்காவோடு அவர் தங்கையும் வந்திருந்தார். அதே ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு மேலதிகாரி. கிளம்பும்போது ஜாய்ஸின் கையைப் பிடித்தார். "டாக்டர் சொல்றத வீட்டாளுங்களுக்குப் புரிய வைக்க, அவங்க மனசுல இருக்கறத டாக்டருக்குச் சொல்ல, எங்களுக்கு ஒரு ஆள் வேணும்மா. வந்து பாக்கறியா?"

போனாள். "இலக்கியம் படிச்சிட்டு இங்க என்ன பண்ணுவ?" என்று அங்கேயும் கேட்டார்கள். "ஒருத்தர் சொன்னதுல இருந்து சொல்லாததக் கண்டுபிடிக்கத்தான் சார் அஞ்சு வருஷம் படிச்சேன்" என்றாளாம். வேலை கிடைத்தது. அவளோடு படித்தவர்களில் ஒருத்தி ரேடியோவில் பேசுகிறாள், ஒருத்தி கம்ப்யூட்டர் கம்பெனியில் தமிழ் திருத்துகிறாள். எனக்கு இதெல்லாம் முன்பு தெரியாது. ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, செல்வி அக்காவையும் வீட்டுக்காரரையும் என் ஆட்டோவில்தான் கூட்டிவந்தேன். வழியில் வேறு யாரையும் ஏற்றவில்லை. இறங்கும்போது அக்கா சொன்னார்: "தம்பி, இன்னிக்கு ரெண்டு பேருக்கு அரிசி போடணும்."

இப்போது ஜாய்ஸ் சிரிக்கிறாள். வேலையிலிருந்து வந்ததும் அவள்தான் எங்களுக்குக் கதை சொல்கிறாள். ஆல்பர்ட்தான் முதலில் வந்து உட்காருகிறான்!

பிள்ளையை நினைத்துக் கலங்குகிறவர்களே, சரியான வார்த்தை வரவில்லை என்று ஜெபிக்காமல் இருந்துவிடாதீர்கள். அரிசியைப் பற்றியாவது பேசுங்கள். மிச்சத்தை அவர் புரிந்துகொள்வார்.