ஐந்தாவது தரை

வளைகுடாவில், முசஃபா தொழிலாளர் கேம்ப்பில் எங்கள் ரூமுக்கு வந்த அன்றே அவர் குனிந்து, விரல் முட்டியால் தரையைத் தட்டிப் பார்த்தார்.

"அடியில வெறுமையா இருக்கு தம்பி. சிமெண்ட்ட சரியாப் பரப்பல."

டைல்ஸ் மேஸ்திரி. ஒல்லி உடம்பு. முழங்கால் இரண்டிலும் கறுத்துத் தடித்த காய்ப்பு. மாலோ கிளினிக்கோ, எங்கே போனாலும் தரையைத் தட்டாமல் நகரமாட்டார்.

லீவு கிடைத்தால் நாங்கள் ஊருக்குப் பறப்போம். அவர் பாதி லீவை இந்தோனேசியாவில், செமாராங் நகரத்துக் கடலோரத்தில் கழிப்பார். குத்தகைக்கு ஒரு வீடு எடுத்து, வாடகைக்கு விடலாம் என்றுதான் முதலில் போனாராம்.

"வீடு எடுத்தீங்களாண்ணே?"

"இல்ல. தரையத் தட்டினேன், சத்தமே சரியில்ல. கேட்டா, ஒண்ணு மேல ஒண்ணா நாலு தரை இருக்காம். அங்க மண்ணு அமுங்குது. கடல் தண்ணி வீட்டுக்குள்ள வர வர, பழைய தரை மேலயே புதுசு போடுறாங்க. தரை உசந்து உசந்து, வாசல்ல குனிஞ்சுதான் நுழைஞ்சேன்."

"அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் போறீங்க?"

"அஞ்சாவது தரை நான் போட்டுக் கொடுத்தது."

லீவிலுமா வேலை என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இங்க எத்தன வில்லாவுக்குத் தரை போட்டிருப்பேன்? சாவியக் கொடுத்தப்புறம் ஒண்ணுக்குள்ளயாவது விட்டிருக்கானா? அங்க போனா, உள்ள வான்னு கையப் பிடிச்சுக் கூப்பிடுறாங்க."

நான் கேம்ப் மாறிப் பல காலமாகிவிட்டது. அந்த வீட்டில் இப்போது எத்தனையாவது தரையோ. அவர் இன்னும் எவ்வளவு குனிந்து உள்ளே போகிறாரோ.