பெட்டியிலேயே இருந்த ஒயர்

தனகோட்டிக்கு இடது காது அறவே கேட்காது; வலது காதில் பாதிதான். சின்ன வயதில் சீழ் பிடித்ததை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்து பத்தாவது வரை படித்தாள். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தபின் தையல் கற்றாள். இன்றைக்கு அவள் ப்ளாக்கில் முக்கால்வாசிப் பெண்களுக்கு ஜாக்கெட் அவள் கையால்தான். சொல்கிறவர்களின் வாயைப் பார்த்தே அளவு குறித்துக்கொள்வாள்.

டிவியில் மட்டும் அது நடக்கவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மகள் எழில்மதி ஒரு ப்ளூடூத் ஹெட்போன் அனுப்பினாள். செய்தி வாசிக்கிற பெண் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அந்தச் சந்தோஷம் அடங்குமுன் புருஷன் கொளஞ்சிநாதன் டிவிக்கு அடியில் வைக்கிற நீள ஸ்பீக்கர், சவுண்ட்பார் ஒன்று வாங்கி வந்து, அதையும் ப்ளூடூத்தில் இணைத்தான். அன்று தொடங்கியது வம்பு. ஹெட்போன் பேசினால் சவுண்ட்பார் ஊமை; சவுண்ட்பார் பேசினால் ஹெட்போன் ஊமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சிநாதனின் தம்பி சிலம்பரசனும் வந்திருந்தான். படம் ஓடிக்கொண்டிருந்தது. தனகோட்டி ஹெட்போனை மாட்டினாள். அறையில் சத்தம் நின்றது. கொளஞ்சிநாதன் எழுந்து வந்து ஹெட்போனைப் பிடுங்கினான். அவள் தலைமுடியில் இரண்டும் கூடவே பிய்ந்து வந்தது.

"செவிடிக்கு எதுக்குடி வசனம்? பொம்மையப் பாத்துகினு இரு."

சிலம்பரசன் சிரித்தான்.

பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், பலர் வாயில் பார்த்த சொல்தான். இவன் வாயில் இன்றுதான் பார்த்தாள். உள்ளே போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். மிதித்த வேகத்தில் நூல் அறுந்துகொண்டே இருந்தது.

மறுநாள் மெயின் பஜாரில் டிவி ரிப்பேர் செய்யும் வெள்ளைச்சாமியிடம் போனாள்.

"மூஞ்சியப் பாத்து பேசுங்கண்ணா, எனக்குக் காது மந்தம்," என்று டிவி மாடலையும், ஒன்று பேசினால் இன்னொன்று ஊமையாவதையும் சொன்னாள்.

அவர் நிமிர்ந்து நிதானமாகச் சொன்னார். "ப்ளூடூத்துல உங்க டிவி ஒண்ணத்தான் புடிக்கும்மா. சவுண்ட்பாருக்கு ஒயர் குடுத்துடுங்க, ஹெட்போன் ப்ளூடூத்துலயே இருக்கட்டும். செட்டிங்ஸ்ல ரெண்டுலயும் சவுண்ட் வர்ற மாதிரி வைக்கலாம், இந்த மாடல்ல உண்டு."

"அந்த ஒயர் ஒண்ணு குடுங்க."

"எதுக்கு? சவுண்ட்பார் பெட்டியிலயே போட்டிருப்பான், பாருங்க."

வீட்டில் பரண்மேல் பெட்டி கிடந்தது. ஒயர் கவர்கூடப் பிரிக்காமல் உள்ளே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தானே மாட்டினாள், தானே செட்டிங்ஸில் தேடி வைத்தாள். இரண்டும் சேர்ந்து பேசின.

ஷிப்ட் முடிந்து வந்த கொளஞ்சிநாதன் ஆச்சரியப்பட்டான். "அட, ரெண்டும் வருதே. இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுகினு இருந்த?"

"இந்த ஒயர் வாங்கின நாள்லேருந்து பெட்டியிலயே கெடக்குது. அதைத் தொறந்து பாக்க உங்களுக்குத் தோணல. என் காதுலேருந்து புடுங்கத்தான் தோணிச்சு. தம்பி எதிர்ல சொன்னீங்க இல்ல? அவன் எதிர்லயே தப்புன்னு சொல்லுங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

அதன்பிறகு அவள் அவனோடு பேசவில்லை. சோறு பொங்கி மூடி வைத்துவிட்டு மெஷினுக்குப் போய்விடுவாள். தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டு அவனுக்குப் பழக்கமில்லை. ஒரு வாரத்தில் தம்பியை அவனே வரச் சொன்னான்.

"அன்னிக்கி உங்க அண்ணியச் சொன்னது தப்புடா," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

"கீழ பாத்து சொன்னா எனக்குக் கேக்காது."

கொளஞ்சிநாதன் தலையை நிமிர்த்தி, அவள் முகத்தைப் பார்த்து மறுபடி சொன்னான். சிலம்பரசன், "நான் சிரிச்சதும் தப்புதான் அண்ணி," என்றான்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இருந்தாலும் அன்று மூன்று தட்டு வைத்துச் சோறு போட்டாள்.