சண்டை வரட்டும் சாமி

ஈராக்கில் சண்டை வந்துவிடக் கூடாதே என்று உலகமே கையைப் பிசைந்துகொண்டிருந்த நாட்களில், வரட்டும் என்று வேண்டிக்கொண்ட ஆள் பன்விலத் தேயிலைத் தோட்டத்தில் ஒருத்தி இருந்தாள். அது நான்தான். 2003ஆம் ஆண்டு அது; எனக்கு எட்டு வயது.

அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். போய் இரண்டு வருடமாகியிருந்தது. ஈராக்குக்குப் பக்கத்து நாடு குவைத். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து இன்னும் சில பெண்கள் அங்கே போயிருந்ததால் எல்லாருக்கும் அதே கவலை. மண்ணெண்ணெய் கிடைக்காமல் போய்விடும் என்று வேறு பயந்து, ஆளாளுக்குப் போத்தல் போத்தலாக வாங்கி வைத்தார்கள்.

எங்கள் வெளியுறவு அமைச்சர் மாமாதான். திகனயில் ஒரு புடவைக் கடையில் நின்ற அவர், வேலை முடிந்து வரும்போது பேப்பரோடு வருவார். வாசலில் கதிரையைப் போட்டு, சண்டையைத் தவிர்க்க நடக்கும் பேச்சில் யார் யாரோடு பேசினார், யார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார் என்று, தானும் அந்த மேசையில் இருந்தவர் போலச் சொல்வார். ஒருநாள் சொன்னார்: "பேச்சுவார்த்த சரிவந்தா பயமில்ல. அக்கா இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டே வரலாம். சரிவராட்டித்தான் எல்லாரையும் ஒடனே வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

பெரியவர்களுக்கு முதல் பாதி ஆறுதலாக இருந்தது. எனக்கு இரண்டாம் பாதி.

வெள்ளிக்கிழமை கோயிலில், வெளிநாட்டில் இருக்கிற ஒவ்வொருவர் பேரிலும் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை நடந்தது. சண்டை வேண்டாமென்று வீட்டுக்கொரு தேங்காய் உடைத்தார்கள். அத்தனை தேங்காய்க்கு எதிராக என் கையில் ஒன்றுமில்லை. பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்று, காதைப் பிடித்துக்கொண்டு நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட்டேன். "பேச்சு சரிவரக் கூடாது சாமி, அம்மா வரணும்" என்று ஒவ்வொன்றுக்கும் முணுமுணுத்தேன்.

மறுநாள் என்னால் எழுந்து நடக்க முடியவில்லை. மாமா என் காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி, "உலக சமாதானத்துக்காக இந்தப் புள்ள பட்ட பாட்டப் பாத்தீங்களா!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தார். நான் மறுக்கவில்லை. பக்கத்து வீட்டில் என்னை மெச்சி, கொழுக்கட்டை கொடுத்தார்கள். அதையும் சாப்பிட்டேன்.

பேச்சு முறிந்தது. அந்த வாரமே அம்மா வந்து இறங்கினாள். அன்றைய சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் மனசு நிறைகிறது. அவள் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு குழாயடி வரைக்கும் போய் வந்தேன். பிள்ளையார் என் கட்சி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சில நாளில், டீவியில் குண்டு விழுவதைக் காட்டினார்கள். குவைத்திலும் சைரன் ஊதுகிறதாம். நான் அம்மாவின் மடியில் படுத்திருந்தேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே மாமாவிடம் சொன்னாள்: "அங்க நான் நின்ன வீட்டுச் சின்னவனுக்கு இடி இடிச்சாலே பயம்டா. ஓடியாந்து என் மடியிலதான் படுத்துக்குவான். இப்ப யாருகிட்ட போவான்?"

அவள் கண் கலங்கியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மடியில் நான்தான் இருக்கிறேனே, பிறகென்ன அழுகை என்று அவள் முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.