மேல்வீட்டுச் சுவரில் இருந்த நான்

எங்கள் மேல்வீட்டில் ஒன்பது வருடமாகக் குடியிருப்பவர் ஒற்றை ஆள். லாரி எடைமேடையில் ரசீது எழுதும் வேலை. காலை எட்டு மணிக்குக் குடையோடு இறங்குவார், மாலை ஆறரைக்கு ஏறுவார். குழாய் சொட்டுகிறது என்றுகூட வந்து நின்றதில்லை. தானே வாஷர் வாங்கிப் போட்டுக்கொள்வார். இப்படி ஒரு ஆள் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அது கல்யாணமான புதிதில் நாங்கள் குடியிருந்த வீடு. ரோஸ் நிறச் சுவர், சிமென்ட்டில் செய்த அன்னப்பறவை அலமாரி, ஜன்னல் கம்பியில் இதய வடிவத்துக்குள் என் முதலெழுத்தும் என் வீட்டுக்காரர் முதலெழுத்தும். ஹாலில் என் பெரிய படம், இருபத்திரண்டு வயதில் எடுத்தது. அதைச் சுற்றி மகள் தவழ்ந்ததிலிருந்து பள்ளிக்கூடம் போனது வரை பதினாறு படங்கள். கீழே புதிதாகக் கட்டி இறங்கியபோது, பூசின சுவரில் ஒரு ஆணி அடிக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். படங்கள் மேலேயே தங்கிவிட்டன.

இந்த வருட மழையில் அந்தச் சுவர் ஊறி உப்பு பூத்தது. நாற்காலி, மேசை விற்கும் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் மகள் பிடித்துக்கொண்டாள்.

"இது வாடகை வீடாம்மா? நம்ம குடும்ப ஆல்பம். நான் தொட்டியில குளிக்கிற படத்தைப் பாத்துக்கிட்டே அந்த மனுஷன் சாப்பிடணுமா? எல்லாத்தையும் கழட்டு. வெள்ளை அடி."

மேல்வீட்டுக்காரரிடம் சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று.

"படமெல்லாம் இருந்துட்டுப் போகட்டுமேம்மா. எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல."

நல்ல மனிதர், நம் மனம் நோகக் கூடாது என்று பார்க்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெயின்டர் வந்தார். மகள் ஏணியில் ஏறிப் படங்களைக் கழற்ற, நான் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன். மேல்வீட்டுக்காரர் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எடைமேடையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மறுநாள் அவர் ஓய்வு பெறுகிறாராம், வீட்டாரை அழைக்க வந்தார்களாம். எந்த வீட்டார் என்று நான் யோசிப்பதற்குள் அவர்களில் மூத்தவர் மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"பாப்பாதானே? கால் எலும்பு நல்லாக் கூடிடுச்சா? நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப உங்கப்பா ரசீதெல்லாம் தப்புத் தப்பா எழுதினாரும்மா. நீ பாஸானதுக்கு எங்க எல்லாருக்கும் மிட்டாய் குடுத்தாரு."

மகளுக்குக் கால் முறிந்ததும் அவள் பாஸானதும் நிஜம்தான், அப்பாதான் வேறு. மகள் ஏணியிலேயே உறைந்துவிட்டாள். பெரியவர் பெட்டியில் இருந்த என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் படத்தை செல்லுல காட்டியிருக்காரு. நீங்க அவரு சம்சாரத்தோட தங்கச்சியா? அப்படியே ஜாடை. மகராசி, இந்த வயசுல போய்ச் சேந்துட்டாங்களே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், என் சாவுக்கு என்னிடமே துக்கம் விசாரிக்கிறார்கள்! வருடா வருடம் என் நினைவு நாளுக்கு அவர் லீவு வேறு போடுவாராம். நான் வாயைத் திறந்தால், கூட வேலை பார்த்தவர்கள் முன்னால் அந்த மனிதரின் மானம் போய்விடும். அதுவும் ஓய்வு பெறுவதற்கு முந்தின நாள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தரையில் கிடந்த ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, எங்க அக்காதான்," என்றேன். என் வாயிலிருந்தா வந்தது என்று எனக்கே நம்ப முடியவில்லை.

"நாளைக்குப் பாப்பா கட்டாயம் அப்பா பக்கத்துல உக்காரணும்," என்று சொல்லிவிட்டு அவர்கள் படியிறங்கினார்கள்.

"காலி பண்ணிடறேம்மா," என்றார் அவர்.

கோபம் உச்சிக்கு ஏறியிருந்தது. கேட்க ஆயிரம் இருந்தும் ஒன்றுதான் வாயில் வந்தது.

"என்னை எதுக்குய்யா சாகடிச்சீங்க?"

"உயிரோட இருந்தா, மத்தியானம் நான் ஏன் தினமும் வெறும் ரொட்டி சாப்பிடறேன்னு கேப்பாங்கம்மா."

பெயின்டர் உருளையைக் கீழே வைத்துவிட்டார். மகள் மெதுவாக ஏணியிலிருந்து இறங்கி அவர் எதிரே போய் நின்றாள். நான்கு வார்த்தை நன்றாகக் கேட்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்றாள்.