ரூட் செய்ததும் நான், நீக்கியதும் நான்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், பெருங்களத்தூரில் நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் நிர்வாக மேலாளர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். நேர்காணல்களின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் சிறிய நிறுவனம் அது. அதற்கு முன் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தேன். விழித்திரை நோயால் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் முழுவதும் போய்விட்டது. இப்போது கணினியும் போனும் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்கின்றன. அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் என் எல்லா வேலையும் நடக்கிறது.

மேலாளர் அழைத்தது வருகைப் பதிவு விஷயமாக. கைரேகை இயந்திரத்தை எடுத்துவிட்டு, அவரவர் போனில் ஒரு செயலி மூலம் வருகையைப் பதியும் முறையைக் கொண்டுவந்திருந்தார்கள். என் போனில் அந்தச் செயலி திறந்ததும் மூடிக்கொண்டது. ‘இந்தச் சாதனம் ரூட் செய்யப்பட்டுள்ளது’ என்று ஒரே ஒரு வரியைக் குரல் படிக்கும். அதோடு சரி.

“சிம்பிள் மேடம். உங்க பாஸ்வேர்டை ரிசப்ஷன்ல குடுத்துடுங்க. அவங்களே டெய்லி உங்களுக்கு இன், அவுட் போட்டுடுவாங்க. உங்களுக்கும் தொல்லை இல்ல” என்றார்.

“நான் வந்தேனா இல்லையான்னு இன்னொருத்தர் சொல்லணுமா சார்?”

“அட, ஹெல்ப்புதானே மேடம். லீவு கூட அவங்களே அப்ளை பண்ணிடுவாங்க.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. அந்த அலுவலகத்தில் வேறு யாரிடமும் அவர் பாஸ்வேர்டைக் கேட்டிருக்க மாட்டார்.

“திங்கட்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார். என் போன்ல நானே போடுறேன்.”

“முடியலன்னா?”

“முடியலன்னா பாஸ்வேர்ட் தரேன்.”

வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அந்தப் போனை ஏன் ரூட் செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். ரூட் செய்வது என்றால், தயாரித்த நிறுவனம் நமக்குத் தராமல் தன்னிடமே வைத்திருக்கும் முழு அதிகாரத்தை நாம் எடுத்துக்கொள்வது. என் போன் விலை குறைந்தது. அந்த விலைக்கு ஈடாக, பூட்டிய திரையில் விளம்பரங்கள் வந்துகொண்டே இருக்கும். பார்வை உள்ளவர்கள் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அந்தக் குரல் ஒவ்வொன்றையும் படித்துக் காட்டும். ஒரு ஞாயிறு ஆராதனையில், எல்லோரும் தலைகுனிந்து மௌனமாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது, எழுந்த வேகத்தில் என் இயர்போன் கழன்றுவிட்டது. போன் சத்தமாக அறிவித்தது: ‘தனிமையில் இருக்கிறீர்களா? உங்கள் பகுதியிலேயே துணை தேடுங்கள்.’

பக்கத்தில் நின்ற என் கணவர் காதோரம் குனிந்து, “நான் இங்கதானம்மா நிக்கறேன்” என்றார். முன் வரிசையில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார்கள்.

போனைக் கணினியில் இணைத்து, விளம்பரங்களைக் காட்டும் அந்தச் செயலியை நீக்கினேன். அடுத்த அப்டேட்டில் திரும்பி வந்தது. மறுபடி நீக்கினேன், மறுபடி வந்தது. அதன்பின் பார்வையற்றவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு குரல்பதிவுக் குழுவில், ரூட் செய்யும் முறையைத் தெரிந்துகொண்டேன். போனின் உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. போனில் வேறு மென்பொருளை ஏற விடாமல் காக்கும் பூட்டான பூட்லோடரைத் திறக்கும்போது வரும் எச்சரிக்கைத் திரை பேசாது. அதை மட்டும் கணவர் படித்துச் சொன்னார். மற்றதெல்லாம் கணினியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்வதுதான். அதற்குக் கண் தேவையில்லை. கண்ணை ஒரு நிமிடம் கடன் வாங்குவதில் எனக்கு வெட்கம் கிடையாது. பாஸ்வேர்ட் என்ற கையெழுத்தைக் கொடுத்துவிடுவது வேறு.

சனிக்கிழமை காலை, செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தேன். ரூட்டை நீக்குவது கஷ்டமானதல்ல. போன் உயிர்பெறும்போது முதலில் படிக்கும் ஒரு கோப்பு இருக்கிறது. பூட் கோப்பு என்பார்கள். ரூட் செய்யும்போது அதைத்தான் மாற்றுகிறோம். அசல் கோப்பைத் திரும்ப வைத்தால் ரூட் போய்விடும். அசலை நான் பத்திரமாகக் கணினியில் வைத்திருந்தேன். படங்கள், ஒலிப்பதிவுகள், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன். ரூட்டைப் பயன்படுத்திச் சேர்த்திருந்த மாற்றங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். போனை அணைத்து, பவர் விசையையும் ஒலி குறைக்கும் விசையையும் சேர்த்து அழுத்தினேன். கணினி தன் வழக்கமான இணைப்பு மணியை அடித்தது. கட்டளையைத் தட்டினேன். ‘முடிந்தது’ என்று கணினி படித்தது. போனை மறுபடி இயக்கினேன்.

என் போன் உயிர்பெறும்போது ஒரு முறை அதிரும். அதிர்ந்தது. குரலுக்காகக் காத்திருந்தேன். மறுபடி அதிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. நிறுவனத்தின் சின்னம் வருகிறது, போகிறது, திரும்பவும் அதே சின்னம் வருகிறது என்று கணவர் சொன்னார். சொல்லத் தேவையில்லை, உள்ளங்கையிலேயே தெரிந்தது. தொடங்கத் தெரிந்து, தொடரத் தெரியாமல் போன் திரும்பத் திரும்ப முதலிலிருந்தே ஆரம்பித்துக்கொண்டிருந்தது. இரண்டு விசைகளையும் அழுத்தி மறுபடி கணினியில் இணைத்தால், இணைப்பு மணி மட்டும் அடித்தது.

“விடும்மா. சாயந்தரம் போய்ப் புதுசு வாங்கிடலாம்” என்றார் அவர். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வந்து, தூங்காமல் உட்கார்ந்திருந்தார்.

“புதுசுலயும் துணை தேடச் சொல்லும்.”

“பரவால்ல, நான் கோச்சிக்க மாட்டேன்.”

சிரிப்பு வந்தது. ஆனால் பயமும் இருந்தது. புதுப் போன் வாங்கலாம்தான். அப்படி வாங்கினால், பார்வையில்லாதவள் வேண்டாத வேலை செய்து போனைக் கெடுத்துக்கொண்டாள் என்ற கதைதான் நிலைக்கும். இனி நான் எதைத் தொட்டாலும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். திங்கட்கிழமை பாஸ்வேர்டையும் கேட்பார்கள்.

மதியம் அவர் வற்புறுத்தலில் தாம்பரம் மார்க்கெட் பக்கத்திலிருக்கும் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனோம். போனைக் கொடுத்தது நான். கடைக்காரர் பேசியது என் கணவரிடம்.

“இன்னா சார் பிரச்சன? அக்கா போனா?”

“என் போன்தான். சின்னத்துலயே நிக்குது. பூட் ஆகல” என்றேன்.

அவர் விசையை அழுத்திப் பார்த்தார். “ரூட்டு கீட்டுன்னு எவனோ நோண்டிக்கீறான் சார். பேஜார் பண்ணி வெச்சிக்கீறான்.”

“எவனோ இல்ல. நான்தான்.”

“அக்காவா? இன்னாக்கா, யூடியூப் பாத்தா?”

“கேட்டு.”

பக்கத்தில் நின்ற யாரோ சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். உடனே மறுபடி என் கணவர் பக்கம் திரும்பிவிட்டார். குரல் போன திசையில் தெரிந்தது. “அப்டேட்டு எதுனா போட்டீங்களா சார்?”

“எனக்குத் தெரியலயே. அவங்களத்தான் கேக்கணும்.”

“போட்டேன். போன வருஷம்” என்றேன்.

அவர் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. “போர்டு போயிட்டுக்கீது சார். வெச்சிட்டுப் போங்க, செவ்வாக்கெழம பாக்கலாம். லாக் நம்பர் சொல்லுங்க, எழுதி பின்னாடி ஒட்டிடறேன்.”

போனின் பூட்டு எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, போனின் முதுகிலேயே ஒட்டிவைப்பது இந்தக் கடைகளின் வழக்கம். யாரும் கேள்வி கேட்காமல் சொல்லிவிடுவார்கள். நான் சொல்லவில்லை. அவர் கேட்டுவிட்டு மறந்துபோன கேள்வியிலேயே என் மனம் நின்றுவிட்டது. அப்டேட்.

நாளிதழில் இருந்த காலத்தில், ஒரு நாள் நகரப் பதிப்பில் மாவட்டப் பதிப்பின் ஏழாம் பக்கம் ஏறிவிட்டது. அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை கிடையாது. நானே சரிபார்த்த பக்கம். ஆனால் முதல் பக்கத்துச் செய்தி ‘தொடர்ச்சி ஏழாம் பக்கம்’ என்று அனுப்பிவைக்க, ஏழாம் பக்கத்தில் தொடர்ச்சி இல்லை. பக்கம் நல்ல பக்கம்தான், பதிப்பு வேறு.

என் போனிலும் அதுதான் நடந்திருந்தது. ரூட் செய்த பிறகு ஒரு அப்டேட் வந்தது. ரூட் போகாமல் அதை ஏற்றிக்கொள்ளும் வழி போனிலேயே இருந்ததால், அப்போது கணினியை நான் தொடவில்லை. போன் புதிய பதிப்புக்குப் போய்விட்டது. கணினியில் இருந்த அசல், பழைய பதிப்பின் அசல். பத்திரமாக வைத்திருந்தேன் என்ற பெருமையில், எந்தப் பதிப்பு என்று பார்க்கவில்லை.

“போர்டு போகலண்ணா. போயிருந்தா கம்ப்யூட்டர்ல கனெக்ட் பண்ணும்போது மணி அடிக்காது. போனைக் குடுங்க” என்றேன்.

“இன்னாக்கா, நம்பிக்கை இல்லியா?”

“இருக்கு. நம்பர்தான் தர மாட்டேன்.”

“செவ்வாக்கெழம மறுபடி இங்கதான் வரப் போறீங்க.”

“வந்தா டெம்பர்டு கிளாஸ் ஒட்டத்தான் வருவேன்.”

இந்த முறை அவர் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார் என்று கணவர் பிறகு சொன்னார்.

சரியான பதிப்பு எது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. அந்த அப்டேட்தான் கடைசி. அத்தோடு என் மாடலை நிறுவனம் கைவிட்டிருந்தது; இனி அப்டேட் கிடையாது என்று அறிவித்தும் இருந்தது. அந்தக் கடைசிப் பதிப்பின் முழுத் தொகுப்பை நிறுவனத்தின் தளத்தில் தேடினேன். இந்தியாவுக்கு ஒன்று, வெளிநாடுகளுக்கு ஒன்று என ஒரே பெயரில் இரண்டு இருந்தன. இந்தியத் தொகுப்பு என்பதைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்துக் கேட்டேன். எண்ணை எழுத்தெழுத்தாகக் கேட்டேன். பதிவிறக்கம் எங்கள் தெரு இணைய வேகத்தில் நகர்ந்தது. இடையில் ஒருமுறை மின்சாரம் போய், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது தொகுப்பு இறங்கி முடிந்திருந்தது. அதிலிருந்து பூட் கோப்பை மட்டும் பிரித்தெடுத்தேன். போனில் உள்ள வேறு எதையும் தொடவில்லை. இணைப்பு மணி அடித்தது. கட்டளையை எழுத்தெழுத்தாகக் கேட்டுச் சரிபார்த்துவிட்டுத் தட்டினேன்.

போன் அதிர்ந்தது. கணவர் ஏதோ சொல்ல வந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அடுத்த அதிர்வு வரவேண்டிய நேரம் வந்தது. வரவில்லை. இன்னும் கொஞ்சம். வரவில்லை. பிறகு அந்தச் சலிப்பூட்டும் இயந்திரக் குரல், ‘திரை பூட்டப்பட்டுள்ளது’ என்றது. அதைவிட இனிமையான வாக்கியத்தை அந்த வருடம் நான் கேட்கவில்லை.

இனி பூட்லோடரையும் திரும்பப் பூட்டிவிட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். நான் பூட்டவில்லை. போனுக்குள் இருப்பது முழுவதும் அசல் என்று உறுதியாவதற்கு முன் பூட்டினால், அது திரும்ப எழவே எழாமல் போகலாம். தவிர, பூட்டும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். வருகைச் செயலி ரூட் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தது. அது கேட்காததை நான் ஏன் கொடுக்க வேண்டும்?

திங்கட்கிழமை அலுவலக வாசலில் நின்று செயலியைத் திறந்தேன். இயர்போனை வேண்டுமென்றே மாட்டவில்லை. ‘உங்கள் வருகை பதிவானது’ என்று குரல் ஊருக்கே சொன்னது.

மேலாளர் அங்கேதான் இருந்தார். “சூப்பர் மேடம். சர்வீஸ்ல குடுத்தீங்களா?”

“இல்ல சார். நானே.”

“ஓ, வீட்ல சார் பண்ணிக் குடுத்தாரா?”

“இல்ல சார். நானே.”

“நீங்களே எப்படி மேடம்...” என்று அவர் தொடங்கியபோது, என் போன் குறுக்கிட்டு, துணை தேடச் சொன்னது. ரூட்டோடு போயிருந்த விளம்பரங்கள், ரூட் நீங்கியதும் திரும்பி வந்திருந்தன.

அன்று மாலையே அவற்றைக் கணினி வழியாக, ரூட் இல்லாமல், பழைய முறையில் நீக்கினேன். முன்பு ஒவ்வொரு அப்டேட்டிலும் திரும்பி வந்தவை, இந்த முறை வரவில்லை. வர வழியில்லை, அப்டேட்டே கிடையாதே. நிறுவனம் கைகழுவிய பிறகுதான் அந்தப் போன் முழுக்க எனக்குச் சொந்தமானது.

பார்வை போனபின், நான் கெடுத்துவிடுவேன் என்ற அக்கறையில், என் கையிலிருந்த பலவற்றை மற்றவர்கள் மெதுவாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். காய் நறுக்கும் கத்தி, தையல் இயந்திரம், வங்கி அட்டை. அந்த வாரத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டு வாங்கினேன். தையல் இயந்திரத்தில் ஊசியை உடைத்தேன். வேறு ஊசி மாட்டவும் கற்றுக்கொண்டேன். கெடுத்துவிடுவாய் என்று யாராவது சொன்னால், கெட்டால் என் கையில் கெடட்டும் என்றுதான் இன்றும் கையை நீட்டுகிறேன்.