ஏனோக் தேடிய மூன்று மரங்கள்

ஏனோக் ஸ்மால்போனுக்கு ஊரில் இரண்டு பெயர். முகத்துக்கு நேரே ஏனோக், முதுகுக்குப் பின்னால் 'வழிதப்பி'. மீசை நரைக்கும்வரை பிறத்தியார் ஆடுகளைச் சுண்ணாம்பு மேட்டுப் பாதை வழியாக இல்ஸ்லி சந்தைக்கு ஓட்டியவனுக்கு இப்படி ஒரு பட்டம்! போன வருஷம் மூடுபனியில் சிக்கி அவன் போய்ச் சேர்வதற்குள் சந்தை கலைந்துவிட்டது. பண்ணைக்காரர் பிரீச் அப்போதே சொல்லிவிட்டார்.

"உனக்குப் புத்தி தடுமாறுது ஏனோக். இன்னொரு தடவை இப்படி நடந்துச்சு, மந்தையை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

சொல்லிவைத்தாற்போல் இந்த வருஷமும் மூடுபனி. மாலைக்குள் லவ்லாக் வீட்டைப் பிடித்தாக வேண்டும். பாதையோரம் மூன்று பைன் மரங்கள் சேர்ந்து நின்றால், அந்த வீட்டில் மந்தைக்குப் புல்லும் ஓட்டி வருகிறவனுக்கு ஒரு குவளை பீரும் உண்டு என்று அர்த்தம். லவ்லாக் வீட்டு மரங்களைக் குருடன்கூடத் தவறவிட மாட்டான். காற்றில் அவை போடும் இரைச்சல் அப்படி.

இன்று இரைச்சலும் இல்லை, மரமும் இல்லை. நடந்தான். வழிக்கு அடையாளமாகக் கொட்டிய சுண்ணாம்புக் குவியல் ஒன்று வந்தது. மறுபடி நடந்தான். மறுபடி அதே குவியல். நாய் டர்க் ஓரிடத்தில் படுத்துக்கொண்டு எழ மறுத்தது.

"எந்திரிடா சோம்பேறி! உனக்கும் மூளை கலங்கிடுச்சா?"

அதை விட்டுவிட்டு ஒரு சுற்று போனான். திரும்ப அதே நாயிடம்தான் வந்து நின்றான். மேலே வெள்ளை, கீழே வெள்ளை, ஆடுகளும் வெள்ளை. செத்துக்கித்து விட்டோமோ என்று ஏனோக்குக்கு நிஜமாகவே சந்தேகம் வந்துவிட்டது. மேய்ப்பன் செத்தால் கையில் ஒரு கொத்து ஆட்டு ரோமம் வைத்துப் புதைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன் கோவில் பக்கம் வரவில்லை என்று மேலே கேட்டால், ஆடு மேய்த்தேன் என்று காட்டுவதற்கு. பயந்து பயந்து உள்ளங்கையை விரித்தான். ரோமம் இருந்தது. சற்று முன் முள்ளில் மாட்டிய ஆட்டை இழுத்ததெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

"யாரது? ஏனோக் அண்ணனா?"

லவ்லாக்கின் மனைவி தர்ஸாவின் குரல்.

"தர்ஸா! நீயும் செத்துட்டியாம்மா?"

"செத்தவளா உன் ஆடு முட்டைக்கோஸைத் திங்கிறதைப் பார்த்துட்டு நிக்கிறேன்? முதல்ல அதை வெரட்டுண்ணே!" என்றவள் கொஞ்சம் நிறுத்தி, "செத்தது நானில்லே. அவருதான். மாசியில" என்றாள்.

"மரங்க?"

"வெட்டிட்டேன். மரத்தைப் பார்த்துட்டு யார் யாரோ வந்து கதவைத் தட்டுறாங்க. ஒண்டியா இருக்கிறவ என்ன பண்ணுவேன்? உன் நாய் படுத்திருக்கே, அதுதான் அடிமரம்."

ஏனோக் சிரித்துவிட்டான். புத்தி கெடவில்லை, மரம்தான் போயிருக்கிறது! உடனே வெட்கமாகிவிட்டது. லவ்லாக்கோடு வருஷந்தோறும் பீர் குடித்தவன், அவன் சாவைக் கேட்டுச் சிரித்து நிற்கிறான்.

"நான் தனியா இருக்கேன்னு சந்தையில சொல்லிடாதேண்ணே."

"சொல்வேனாம்மா?"

சிதறிய ஆடுகளைப் பொறுக்கிச் சேர்ப்பதற்குள் மறுநாள் பொழுது போய்விட்டது. அவன் போய்ச் சேர்ந்தபோது இல்ஸ்லியில் பட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிரீச் இடுப்பில் கைவைத்து நின்றார். சுற்றிலும் மற்ற மந்தைக்காரர்கள், வேடிக்கை பார்க்க.

"மறுபடியும் பனியா? அந்த மூணு மரம்கூடவா கண்ணுல படலே? மரம் என்ன, எந்திரிச்சு நடந்தா போச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். ஏனோக் வாயைத் திறந்தான். பதில் நாக்கு நுனியில் நின்றது. டர்க் அவன் முகத்தையே பார்த்தது.

"மரமெல்லாம் இருந்துதுங்கய்யா" என்றான். "எனக்குத்தான் புத்தி தடுமாறிடுச்சு."